விபத்துப் பதிவு இல்லாத வீதியில் பாதுகாப்பை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியின் உள்வீதிகளில் மோட்டார் சைக்கிள் மாட்டில் மோதினால், காயப்பட்டவர் வைத்தியசாலைக்குப் போகிறாரே தவிர, சம்பவம் பெரும்பாலும் பொலிஸ் பதிவேட்டுக்குப் போவதில்லை. ஆகவே ஒரு வேகத்தடையோ பாதசாரிக் கடவையோ பயன் தந்ததா என்பதை, வாகனங்களின் வேகத்தையும் மயிரிழையில் தப்பிய மோதல்களையும் கொண்டே மதிப்பிட வேண்டியிருக்கிறது. இவ்வேலைக்குப் புதிதாக வருவோர் எங்கள் தொடக்க காலத் தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். கருவியைச் சரிபார்க்க மறப்பது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

வேகத்தடையின் அருகிலேயே வேகத்தை அளப்பது

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரப் பாடசாலையொன்றின் முன்னால் தடை போடப்பட்ட பின், ஒளிரும் மேலங்கியோடு அதனருகில் நின்று அளந்த குழுவொன்று, வேகம் பாதியாகக் குறைந்துவிட்டதாக அறிக்கை கொடுத்தது. தடையில் ஏறும் வாகனம் வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும்; அங்கே தடை இருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. பிள்ளைகளோ பாடசாலை வாசலில் அல்ல, சற்றுத் தள்ளிப் பஸ் நிற்கும் இடத்திலேயே வீதியைக் கடந்தார்கள். தடையைத் தாண்டிய மோட்டார் சைக்கிள்களும் டிப்பர்களும் வேகமெடுத்ததும் அதே இடத்தில்தான். அறிக்கையை நம்பி வேறு பாடசாலைகளின் முன்னாலும் அதே அமைப்பு போடப்பட்டது. ஒரு காலை வேளை பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதால், இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆட்கள் உண்மையில் கடக்கும் இடத்திலும், தடைக்கு முன்னும் பின்னும் 100, 200 மீற்றர் தூரங்களிலும், சாரதியின் கண்ணில் படாமல் நின்று அளக்க வேண்டும். முன்னால் வேறு வாகனமின்றித் தன்போக்கில் ஓடும் வாகனங்களை மட்டும், ஓரிடத்துக்கு 100 க்குக் குறையாமல் எடுத்து, சராசரியோடு 85 ஆம் சதமான வேகத்தையும், அதாவது நூற்றில் 85 வாகனங்கள் தாண்டாத வேகத்தையும், பார்க்க வேண்டும். சராசரி வேகம் 1 சதவீதம் குறைந்தால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 4 சதவீதம் குறையும் என்று சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் நில்சன் காட்டிய தொடர்பு, பதிவேடு இல்லாத இடத்தில் பெரிதும் கைகொடுக்கும். ஆனால் தடையருகே எடுத்த வேகத்தை அதில் இட்டால், கிடைக்காத பாதுகாப்பைக் கிடைத்ததாகவே அது காட்டும்.

பருவத்தை மறப்பது

பெரும்போக அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும், உழவு இயந்திரங்கள் மெல்ல ஊரும். அப்போது வேகம் தானாகவே குறையும். மாற்றம் எதுவும் செய்யப்படாத, ஒத்த தன்மையுள்ள வீதியொன்றையும் அதே நாட்களில் அளந்து ஒப்பிட வேண்டும்.

பகலில் மட்டும் எண்ணுவது

கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுப்பது இரவில்; ஆகவே மயிரிழையில் தப்பிய மோதல்களை இரவிலும் எண்ண வேண்டும்.

"இப்போது விபத்தே இல்லை" என்ற பேச்சை முடிவாகக் கொள்வது

ஒரு மரணம் நிகழ்ந்த கையோடுதான் தடை கேட்கப்படுகிறது. எதுவும் செய்யாதிருந்தாலும் அடுத்த சில மாதங்கள் அங்கே விபத்தின்றிக் கழிந்திருக்கக்கூடும். ஊரவரிடம் கேட்க வேண்டியது, எந்த இடத்தில் கடக்க அஞ்சுகிறீர்கள் என்பதை; அளக்கும் இடங்களை அந்தப் பதிலிலிருந்தே தெரிவு செய்ய வேண்டும்.