தண்டையார்பேட்டையில் உட்கார்ந்தபடி ஆக்ஸ்போர்டு பதிவாளர் ஒருவரின் வாழ்க்கையைத் தேட

முதலில் இறந்த தேதியைப் பிடியுங்கள், பிறப்பு அப்புறம். ஆவணம் எங்கே கிடக்கும் என்பதை இறந்த ஆண்டுதான் முடிவுசெய்கிறது. 1824 முதல் 1853 வரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பதிவாளராக இருந்த பிலிப் பிளிஸ் 1857 நவம்பரில் இறந்தார். கேம்பிரிட்ஜின் பதிவாளர் ஜோசப் ரொமிலி (1832–1861) இறந்தது 1864இல். இங்கிலாந்தில் 1858 ஜனவரி 11 வரை உயில்களுக்குச் சான்று கொடுத்தவை திருச்சபை நீதிமன்றங்கள். மறுநாளிலிருந்து அரசு நீதிமன்றம். ஆக, பிளிஸின் உயிலை முதலில் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் ப்ராப் 11 (PROB 11) என்ற உயில் வரிசையில் பாருங்கள். ரொமிலிக்கு அங்கே தேடினால் நேரம்தான் வீண். ஆண்டுவாரியாக அச்சிட்ட உயில் பட்டியலுக்குப் போங்கள்.

அடுத்து மாணவர் பட்டியல். கேம்பிரிட்ஜ் என்றால் வென் தொகுத்தது, இணையத்திலேயே தேடலாம். ஆக்ஸ்போர்டு என்றால் ஃபாஸ்டர் தொகுத்தது. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் இருப்பது 1500–1714 பகுதி மட்டும். நமக்கு வேண்டிய 1715–1886 நான்கு தொகுதிகளாக இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேனாக இருக்கிறது. முழு பிடிஎஃப் இறக்கி டேட்டாவைத் தீர்க்காமல் பிரவுசரிலேயே புரட்டுங்கள். தேடுபெட்டியை நம்ப வேண்டாம், பொடி எழுத்தை அது தப்பாகப் படிக்கும். குடும்பப் பெயரின் அகரவரிசையில் போனால் ஆள் கிடைப்பார். தகப்பனார், ஊர், கல்லூரி, சேர்ந்த தேதி, அப்போதைய வயது, பட்டங்கள் எல்லாம் நாலைந்து வரிக்குள் இருக்கும்.

அந்த வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள். பிளிஸ் பிறந்தது 1787 டிசம்பர் 21. ஆண்டுக் கடைசியில் பிறந்தவருக்கு இந்தக் கணக்கு ஓராண்டு தள்ளிப்போகும். அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. ராயபுரத்தில் பழைய சான்றுக்குக் கோயில் கோயிலாக அலைந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அதிலுள்ளது பிறந்த நாள் அல்ல, ஞானஸ்நானம் பெற்ற நாள்.

1841 மக்கள்தொகைக் கணக்கில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 53 வயது பிளிஸ் 50 என்று வந்தால் வேறு ஆளென ஒதுக்காதீர்கள்.

பதவியிலும் கவனம் வேண்டும். சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரை மனதில் வைத்து அக்காலக் கேம்பிரிட்ஜைப் படித்தால் குழப்பம்தான். அங்கே கல்லூரித் தலைவர்களில் ஒருவர் பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டும் துணைவேந்தராக இருப்பார். வருடக்கணக்காக அலுவலகத்தைக் கையில் வைத்திருந்தவர் பதிவாளர்தான். வேந்தரோ பிரபு, அன்றாட நிர்வாகத்தில் அவரைத் தேடாதீர்கள்.