கால்பந்து அரங்கு: கான்கிரீட் போடுமுன் திருத்த வேண்டிய தவறுகள்

நகரத்துக்குள் இடம் கிடைப்பதே அரிது என்பதால் தடகள ஓடுபாதையையும் கால்பந்து அரங்குக்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள். முதல் தவறே அதுதான். இத்தாலியின் டூரினில் 1990 உலகக் கோப்பைக்குக் கட்டிய டெல்லே அல்பியில் ஓடுபாதை ரசிகரை ஆட்டத்திலிருந்து தள்ளி உட்காரவைத்தது. இருபது வருடம்கூட நிற்காமல் அது இடிபட்டது. 2011ல் அதே இடத்தில் ஓடுபாதையே இல்லாத அரங்கை யுவென்டஸ் கிளப் திறந்தது.

அடுத்தது கேலரியின் படி உயரம். பின்னால் இருப்பவரின் பார்வைக்கோடு முன்னவரின் கண்ணுக்கு மேலே எத்தனை மி.மீ. தாண்டுகிறது என்பதுதான் 'சி மதிப்பு'. 90 இருந்தால் நல்லது. 60க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரே அச்சில் வார்த்துவிடலாம் என்று எல்லாப் படிகளையும் ஒரே உயரத்தில் வைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உதாரணமாக, முன்வரிசை ரசிகரின் கண் டச்லைனிலிருந்து (ஆடுகளத்தின் பக்கக் கோடு) 10 மீட்டர் தள்ளி, 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படியின் அகலம் 80 செ.மீ. இரண்டாம் வரிசைக்கு 90 மி.மீ. கிடைக்க, படி 25.7 செ.மீ. உயர வேண்டும். அதே உயரத்தில் மேலே போனால் 16ஆம் வரிசைக்கு 44 மி.மீ.தான் மிஞ்சும். டச்லைன் ஓரத்தில் நடப்பது முன்னவர் தலைக்குப் பின்னால் போய்விடும். சில வரிசைகளுக்கு ஒருமுறை படியை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். ஆனால் கேலரிச் சரிவுக்கு பிரிட்டிஷ் அரங்குப் பாதுகாப்பு வழிகாட்டியின் உச்சவரம்பு 34 டிகிரி, 80 செ.மீ. அகலப் படிக்கு அது சுமார் 54 செ.மீ. உயரம்.

வெளியேறும் வழியில், சமதளக் கணக்கைப் படிக்கட்டுக்கும் போட்டுவிடுகிறார்கள். ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சமதளத்தில் 82 பேர் போகலாம், படிக்கட்டில் 66 பேர்தான். 10,000 பேர் 8 நிமிடத்தில் இறங்க, மொத்தம் 19 மீட்டர் அகலப் படிக்கட்டு வேண்டும். 82ஐ வைத்துப் போட்டால் 15 என்று வரும். அந்த 4 மீட்டரைப் பிறகு எங்கே நுழைப்பது?

கூரையை இழுத்து மூடினால் புல் சாகும். 1996ல் திறந்த ஆம்ஸ்டர்டாம் அரங்கில் வெளிச்சம் போதாமல் புல்தரையைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். வடகோளத்தில் தெற்குக் கூரைதான் நிழலைக் கொட்டும். ஒளி ஊடுருவும் தகடு அங்கே முதலில் வேண்டும். புல்லை வளர்க்கும் விளக்குகளுக்கான மின்சுமையையும் ஆரம்பத்திலேயே ஒதுக்குங்கள்.

பக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். லண்டன் எமிரேட்ஸ் அரங்குக்கு மிக அருகில் இருக்கும் நிலையங்களில் ஒன்று ஹாலோவே ரோடு. லிஃப்டை நம்பிய ஆழமான நிலையம் 60,000 பேரைத் தாங்காது என்பதால், ஆட்ட நாட்களில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகிறார்கள்.