ரிசீவருக்கு யுனிவர்சல் ரிமோட் செட் பண்றீங்களா, இதெல்லாம் பண்ணிடாதீங்க

ரிசீவர்னா இங்க ஸ்பீக்கரெல்லாம் மாட்டுற ஹோம் தியேட்டர் ஆம்ப், கோடுன்னா எந்த பிராண்டு சாமானுக்கு பேசணும்னு ரிமோட்டுக்கு சொல்ற நம்பர். வாங்குறப்பவே ஆரம்பிக்கிற தப்பு ஒன்னு இருக்கு. பசார் மாலாம்ல தொங்குற 10, 15 வெள்ளி ரிமோட்டுல யுனிவர்சல்னு பெருசா போட்டிருப்பான், அட்டைய திருப்பி பாத்தா பூரா டிவி பிராண்டு பேருதான் இருக்கும். அந்த மாதிரி ரிமோட்டுக்குள்ள ரிசீவர் கோடே இருக்காது, யமஹா டெனான்னு ராத்திரி பூரா தேடுனாலும் கெடைக்காது. பட்டன்ல ஆடியோ, ஆம்ப், ரிசீவர்னு ஏதாச்சும் ஒன்னு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பழைய ரிமோட்டு சிக்னல கத்துக்கிற லேர்னிங் டைப்பா இருக்கணும். ரெண்டும் இல்லன்னா லோயாட் பிளாசாவுல கடக்காரரு என்ன சொன்னாலும் வாங்காதீங்க.

அடுத்தது, டிவி பட்டன அமுக்கிட்டு ரிசீவர் கோடு போடுறது. நிறைய ரிமோட்டுல ஒரே நம்பர் டிவிக்கு ஒரு அர்த்தம், ஆடியோவுக்கு வேற அர்த்தம். மொதல்ல ஆடியோ மோடுக்கு போங்க, அப்புறம் கோடு போடுங்க. இது ஒரு நிமிஷ வேலை, ஆனா பாதி பேரு "கோடு வேலை செய்யல லா"ன்னு சொல்றது இங்கதான்.

இப்ப பெரிய தப்புக்கு வருவோம். கோடு போட்டாச்சு, பவர் அமுக்குனா ரிசீவர் அணையுது, சரி முடிஞ்சுதுன்னு போய் உக்காந்துடறாங்க. முடியல. ஒரே பிராண்டுக்கு நாலஞ்சு கோடு இருக்கும், நிறைய கோடுல பவர் மட்டும் வேலை செய்யும், இன்புட் மாத்துற பட்டன் செத்து கெடக்கும், இல்லன்னா மெயின் ஜோனுக்கு பதிலா ஜோன் 2, அதாவது வேற ரூம் ஸ்பீக்கருக்கு போற லைன் ஆன் ஆகி, டிஸ்பிளேல ஏதோ எரியுது ஆனா ஸ்பீக்கர்ல சத்தமே வரலன்னு மண்டைய பிச்சிக்குவீங்க. அதனால வால்யூம், மியூட், இன்புட், சரவுண்டு மோடு, இந்த நாலையும் அமுக்கி பாக்காம கோட லாக் பண்ணாதீங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்குன யமஹாவா இருந்தா இன்னொரு விஷயம், நிறைய மாடல்ல ரிமோட் ஐடி 1, 2ன்னு ரெண்டு செட்டிங் இருக்கு, ஒரே வீட்டுல ரெண்டு யமஹா இருந்தா ஒன்னுக்கு அமுக்குனது இன்னொன்னுக்கு போயிடக்கூடாதுன்னு வச்சது. முன்னாடி வச்சிருந்தவரு 2ல விட்டிருந்தா நீங்க போடுற கோடு ஏறாம போகலாம்.

கோடு லிஸ்ட் இல்லாம தானா தேட விடுறவங்க, தயவு செஞ்சு மெதுவா அமுக்குங்க. நிறைய ஒன் ஃபார் ஆல் ரிமோட்டுல 9-9-1 போட்டு தேடலாம், ஆனா டப்பு டப்புன்னு அமுக்கிட்டே போனா சரியான கோடு கண்ணு முன்னாடி தாண்டி போயிடும், மறுபடியும் மொதல்லேர்ந்து.

எல்லாம் சரியா செட் ஆனதுக்கு அப்புறமும் வீட்டுல ஒரு சண்டை வரும் பாருங்க. அம்மா ஆஸ்ட்ரோல விண்மீன் சேனல் பாத்துக்கிட்டு இருப்பாங்க, சத்தம் பத்தலன்னு வால்யூம் அமுக்குவாங்க, டிவி திரைல அந்த பட்டை 20லேர்ந்து 45க்கு ஏறும், சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். ரிமோட் ஆஸ்ட்ரோ டிகோடர் மோடுல இருக்கு, வால்யூம் டிவிக்கு போகுது, ஸ்பீக்கர் ரிசீவர்ல இருக்கு. எந்த மோடுல இருந்தாலும் வால்யூமும் மியூட்டும் ரிசீவருக்கே போற மாதிரி ஒரு லாக் நல்ல ரிமோட்டுல இருக்கும், மேனுவல்ல வால்யூம் லாக் இல்லன்னா பன்ச் த்ரூன்னு போட்டிருக்கும். இத செய்யாம விட்டா அந்த ரிமோட்ட வீட்டுல உங்களத் தவிர யாரும் தொட மாட்டாங்க.

ஒரே பட்டன்ல எல்லாத்தையும் ஆன் பண்ற மேக்ரோ போடுறவங்க எச்டிஎம்ஐ சிஇசிய, அதாவது எச்டிஎம்ஐ கேபிள் வழியா ஒரு சாமான் இன்னொன்ன ஆன் ஆஃப் பண்றத, மறந்துடறாங்க. சாம்சங்ல அனிநெட் பிளஸ், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க், பேருதான் வேற, வேலை ஒன்னு. டிவி ஆன் ஆனதும் அது ரிசீவரையும் எழுப்பிடும், அடுத்த நொடி உங்க மேக்ரோ பவர் சிக்னல அனுப்பும், ஏற்கனவே ஆன்ல இருந்தது ஆஃப் ஆயிடும். ரெண்டுல ஒன்ன வைங்க. உண்மைய சொல்லப்போனா உங்களுக்கு வெறும் பவரும் வால்யூமும் போதும்னா சிஇசியும், டிவி சத்தத்த அதே கேபிள்ல ரிசீவருக்கு அனுப்புற ஆர்க்கும் போட்டுட்டு டிவி ரிமோட்டையே வச்சிக்கலாம், யுனிவர்சல் தேவையே இல்ல.

மேக்ரோதான் வேணும்னா ஆனுக்கு ஒன்னு ஆஃபுக்கு ஒன்னுன்னு தனித்தனி கோடு தேடி போடுங்க. ஒரே கோடு ஆனும் ஆஃபும் மாத்தி மாத்தி பண்ணா, கேஎல்ல சாயங்காலம் இடி இடிக்கிறப்ப சுவத்து சுவிட்ச அடைச்சிட்டு திரும்ப போட்டதும் எது ஆன்ல இருக்கு எது ஆஃப்ல இருக்குன்னு எல்லாம் தலகீழா ஆயிடும். பவருக்கும் இன்புட்டுக்கும் நடுவுல 4, 5 செகண்டு இடைவெளியும் விடுங்க, ரிசீவர் முழுசா முழிக்கிறதுக்குள்ள அனுப்புன சிக்னல் வீணா போயிடும்.

லேர்னிங் பண்றப்ப ரெண்டு ரிமோட்டையும் மூக்குக்கு மூக்கு, ரெண்டு மூணு விரல் இடைவெளில வைங்க, ஜன்னல் வெயில்லயும் டியூப் லைட்டுக்கு அடியிலயும் வச்சு பண்ணாதீங்க, பழைய ரிமோட்டுல புது பேட்டரி போடுங்க. சாதாரண ரிமோட் எல்லாம் 38 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் ஓடும், பேங் அண்ட் ஓலஃப்சன் மாதிரி 455ல ஓடுற சாமான விலை கம்மியான லேர்னிங் ரிமோட்டு கத்துக்காது, அதுக்காக ரிமோட்ட திட்டாதீங்க. புளூடூத்ல ஓடுற ஷாவ்மி டிவி ஸ்டிக்கும் அப்படித்தான், இன்ஃப்ராரெட் மட்டும் இருக்கிற ரிமோட்டுக்கு அது செவிடு.

ரிமோட் சிக்னல் விடுதான்னு பாக்க போன் கேமராவ அதோட மூக்குக்கு நேரா புடிங்க, அமுக்குறப்ப ஊதா கலர்ல மினுக்குனா விடுதுன்னு அர்த்தம். ஐபோன்ல பின் கேமராவுல தெரியாம போகலாம், செல்ஃபி கேமராவுல பாருங்க. மினுக்குது ஆனா ரிசீவர் கேக்கலன்னா கேபினெட் கருப்பு கண்ணாடிய தெறந்து பாருங்க, அது சிக்னல மறைக்கலாம்.

பழைய ஒரிஜினல் ரிமோட்ட மட்டும் தூக்கி போட்டுடாதீங்க, செகண்ட் ஹேண்ட் கடைக்கும் குடுத்துடாதீங்க. ஸ்பீக்கர் செட்டப் மெனுவுக்குள்ள போற பட்டன் எல்லாம் நிறைய யுனிவர்சல் கோடுல இருக்காது, நாளைக்கு புது ரிமோட்டுக்கு லேர்னிங் பண்ணணும்னாலும் அதுதான் வேணும். பேட்டரிய மட்டும் கழட்டி வைங்க, ரொம்ப நாள் உள்ளயே கெடந்தா ஒழுகி அரிச்சிடும்.