தெரியாத அலைவரிசையா? முதலில் 10 டெசிபல் குறையுங்கள்

ரேடியோ ஸ்கேனரில் (அலைவரிசைகளைத் துழாவிக் கேட்கும் ரிசீவர்) புது அலைவரிசை சிக்கினால், வனத்துறையா துறைமுகமா என்று பட்டியலைப் புரட்டுவதற்கு முன் அட்டெனுவேட்டரில், அதாவது உள்ளே வரும் சிக்னலின் பலத்தைக் குறைக்கும் பகுதியில், 10 டெசிபல் போடுங்கள். சிக்னலும் ஏறக்குறைய 10 இறங்கினால் அது வெளியிலிருந்து வருவது. 20, 30 என்று சரிந்தால் உங்கள் ரிசீவருக்குள்ளேயே பிறந்த போலி. பெயர் தேடி மினக்கெட வேண்டாம்.

கொழும்பில் எஃப்எம் அலைகள் அவ்வளவு பலம். அப்படி இரண்டு அலைகள் ரிசீவரைத் திணறடித்தால் உள்ளே கலந்து மூன்றாவதொன்றை உண்டாக்கும். உதாரணமாக 107-இன் இரு மடங்கில் 94-ஐக் கழித்தால் 120 மெகாஹேர்ட்ஸ், விமானங்கள் பேசும் இடம்! இந்த வகைக் கலவை, மூல அலைகள் 1 டெசிபல் குறைந்தால் 3 டெசிபல் குறையும். (பின்னணியில் எஃப்எம் பாட்டுக் கேட்டால் சோதனையே தேவையில்லை, போலிதான்.)

கணினியில் செருகும் மலிவான ரிசீவரான யூஎஸ்பி டாங்கிளில் அட்டெனுவேட்டர் இருக்காது. தானியங்கி கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) நிறுத்திவிட்டுக் கையால் குறையுங்கள். கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது, ஆனாலும் போதும்.

ஏற்கெனவே இரைச்சலோடு இரைச்சலாகக் கிடக்கும் மெல்லிய சிக்னலுக்கு இது உதவாது. கடற்காற்றில் துருப்பிடித்த கூரைத் தகரத்திலோ அன்டெனா இணைப்பிலோ கலவை நடந்தாலும் ஏமாற்றிவிடும்: அது உள்ளே வரும்போதே போலி, 10-க்கு 10-தான் இறங்கும்.