லாங் மெல்ஃபோர்டு தேவாலயமா? முதலில் வெளியே சுற்றுங்கள்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள லாங் மெல்ஃபோர்டு ஊரின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போனால், நேராகக் கதவைத் திறந்து உள்ளே போய்விடாதீர்கள். முதலில் வெளிச்சுவரை ஒட்டி ஒரு சுற்று நடங்கள். கையில் சின்ன பைனாகுலர் இருந்தால் ரொம்ப நல்லது. கூரை விளிம்புக்குக் கீழே, கருஞ்சிக்கிமுக்கிக் கல்லும் வெளிர் கல்லும் இழைத்துப் பதித்த எழுத்துகள் வரிசையாக ஓடும். கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. அவர்கள் ஆன்மாவுக்காக ஜெபிக்கச் சொல்லும் வேண்டுகோளும் கூடவே இருக்கும். 15ஆம் நூற்றாண்டின் கம்பளித் துணி வியாபாரம் கொட்டிய பணத்தில் எழுந்த சுவர்கள் இவை. கோபுரம் மட்டும் புதிது: பழையது 18ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து போனது, இப்போதுள்ள வடிவம் 1903இல் முடிந்தது.

சரி, உள்ளே போனதும் வடக்குப் பக்கம் பாருங்கள். இடைக்காலக் கண்ணாடி ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. பைனாகுலர் மறுபடி உதவும். முகங்களும் உடைகளும் அவ்வளவு நுணுக்கம். அப்புறம் பீடத்தின் வடபுறம், முக்கிய கொடையாளரான ஜான் கிளாப்டனின் கல்லறை. அலங்காரமே இல்லாத வெறும் பளிங்குப் பெட்டி என்று தாண்டிப் போகாமல், மேலே வளைவுக்குள் அண்ணாந்து பாருங்கள், வண்ண ஓவியம் தெரியும்.

கிழக்குக் கோடியில் உள்ள மாதா சிற்றாலயத்தையும் விடாதீர்கள். அது ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். பெருக்கல் வாய்ப்பாடு சுவரில் இன்னும் இருக்கிறது.