படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பி: அளவு எடுப்பதிலிருந்து நடுவது வரை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளிலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாங்கிய வீடுகளிலும் சரி, வாசலில் நாலைந்து படி இருக்கும். பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. சாயங்கால மழையில் அந்தச் சிமெண்டுப் படி வழுக்கும். வெல்டிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அளவெடுப்பதும் நடுவதும் நம் வேலை, ஒட்டுவது மட்டும் பட்டறை வேலை.

1. அளவு

மேல்படி விளிம்பிலிருந்து கீழ்ப்படி விளிம்பு வரை ஒரு நேரான பலகையைச் சாய்த்து வையுங்கள். கைப்பிடி அந்தச் சாய்வுக்கு இணையாகப் போக வேண்டும். உயரத்தைப் படி விளிம்பிலிருந்து செங்குத்தாக அளக்க வேண்டும். மலேசியாவின் 1984 கட்டட விதி 825 முதல் 900 மில்லிமீட்டர் வரை என்கிறது. நான் 900 வைப்பேன்.

இனி தூண். படியின் பக்கவாட்டில் மண்ணில் நடுவதால், மேல் தூண் கீழ்த் தூணைவிட நீளம். ஒரு படி 150 மி.மீ. உயரம், மொத்தம் 5 படி என்றால் மேல் தூணுக்கு 750 + 900, மண்ணுக்குள் 450, ஆக 2100. கீழ்த் தூணுக்கு 150 + 900 + 450, ஆக 1500. இதைத் தாளில் வரைந்து பட்டறையில் கொடுங்கள்; வாயால் சொன்னால் ஒரே உயரத்தில் இரண்டு தூண் வந்து நிற்கும்.

2. பைப்

ஒன்றேகால் அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கேளுங்கள். வெளி விட்டம் 42 மி.மீ., வயதானவர்கள் கைக்குள் அடங்கும். மெல்லிசு வேண்டாம், நீலக் கோடு போட்ட நடுத்தர ரகம் போதும். கம்பியின் இரண்டு முனையையும் கீழ்நோக்கி வளைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சேலையும் சட்டைக் கையும் மாட்டும்.

3. நடுவது

கம்பி ஆடுகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு தூணின் காலில்தான். பழைய படிகள் பல செங்கல் மேல் சிமெண்டு பூசியவை. அதில் துளை போட்டு போல்ட் அடித்தால் முதலில் பிடிக்கும், சில மாதத்தில் பூச்சோடு பெயர்ந்து வரும். அதனால் படியை ஒட்டிக் குழி தோண்டுங்கள்: ஓரடி அகலம், 500 மி.மீ. ஆழம். அடியில் 50 மி.மீ. கல் போட்டால் தண்ணீர் வடியும்.

தூண்களை இறக்கி, மட்டம் பார்த்து, இரண்டு பக்கமும் மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள். சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, கல் நான்கு என்ற கலவையைக் கம்பால் குத்திக் குத்தி நிரப்புங்கள். மேற்பரப்பைத் தூணைச் சுற்றிச் சற்று மேடாக வழித்து விடுங்கள். அங்கே தண்ணீர் தேங்கினால் தூண் மண்மட்டத்தில் அரிக்க ஆரம்பிக்கும். காலையில் இந்த வேலையை முடித்து, மழைக்கு முன்னால் பிளாஸ்டிக் போட்டு மூடுங்கள். மூன்று நாள் யாரும் தொடக்கூடாது, ஒரு வாரம் கழித்துச் சாயலாம்.

4. பெயிண்ட்

வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். அங்கே துத்தநாகப் பெயிண்ட் அடியுங்கள். மற்ற இடத்தில் ஜிஐக்கென்றே விற்கும் பிரைமர் அடித்த பிறகுதான் கலர். சாதாரண எனாமலை நேரே அடித்தால் தோல் உரிந்த மாதிரி வந்துவிடும்.

5. படிக்கு வேலியும் வேண்டுமா?

அதே முறைதான், ஆனால் நடுக் கம்பிகள் செங்குத்தாக நிற்கட்டும். கிடைக்கம்பி போட்டால் பிள்ளைகளுக்கு ஏணி. இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, தலை நுழைந்துவிடும். தூண்களுக்கு இடையே 1200 மி.மீ. இருந்து, கம்பி 16 மி.மீ. கனம் என்றால் 10 கம்பி தேவை. அப்போது ஒவ்வோர் இடைவெளியும் 95 மி.மீ.க்குள் நிற்கும். பட்டறைக்காரர் "ஒன்பது போதும் அண்ணே" என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.