ஒலிநூல் வாசிக்கத் தொடங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஒலிநூல் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "என் குரல் இதற்குச் சரிப்படுமா?" என்றுதான். பலர் அந்தக் கேள்வியோடேயே நின்றும்விடுகிறார்கள். தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாக வெளியிடும் லிப்ரிவாக்ஸில் குரல் தேர்வே கிடையாது. 2005-இல் மாண்ட்ரியாலில் ஹ்யூ மெக்குவையர் தொடங்கிய திட்டம் அது. எந்த மொழியிலும் வாசிக்கலாம். கரகரத்த குரலும் தடையில்லை, திருநெல்வேலிச் சாயலோ யாழ்ப்பாணச் சாயலோ இருந்தாலும் தடையில்லை. புதியவர்களிடம் அவர்கள் கேட்பது ஒரு நிமிடச் சோதனைப் பதிவு மட்டும்தான். அதுவும் உங்கள் மைக் எப்படி இருக்கிறது, ஒலியளவு சரியா என்று பார்ப்பதற்கு. ஆகவே குரலைப் பற்றிய கவலையை விடுங்கள். ஆட்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

முதல் சறுக்கல் நூலைத் தேர்ந்தெடுப்பதிலேயே வந்துவிடுகிறது. "நாட்டுடைமையான நூல்தானே, வாசித்துப் போட்டுவிடலாம்" என்று நினைத்து நாலைந்து அத்தியாயம் பதிவு செய்தபிறகுதான் பலர் விதியைப் படிக்கிறார்கள். லிப்ரிவாக்ஸ் காப்புரிமை முடிந்த நூல்களை மட்டுமே ஏற்கும், அதற்குப் பின்பற்றுவது அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தை. பழைய நூல்களுக்கு அங்கே பொதுவான கணக்கு, முதலில் வெளிவந்து 95 ஆண்டுகள். இந்தியாவிலோ ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், இலங்கையில் 70. கல்கி 1954-இல் காலமானார். பொன்னியின் செல்வனை இன்று தமிழ்நாட்டில் எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். ஆனால் அது 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல், 95 ஆண்டுக் கணக்கில் அதன் உரிமை இன்னும் முடியவில்லை. 1879-இல் அச்சேறிய பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு எந்தக் கணக்கிலும் சிக்கல் இல்லை.

நூல் பழையது என்பதற்காகக் கையில் இருக்கும் பதிப்பும் பழையது என்று எண்ணிவிடக் கூடாது. போன வருஷம் வந்த பதிப்பில் இருக்கும் முன்னுரை, அடிக்குறிப்பு, அருஞ்சொல் விளக்கம் ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளின் ஸ்கேன் பிரதிகள் நிறைய இருக்கின்றன. ஆண்டு அச்சிட்ட முகப்புப் பக்கம் உள்ள பிரதியாகப் பார்த்து எடுத்து, அதைக் காட்டி லிப்ரிவாக்ஸில் ஒப்புதல் வாங்கியபிறகே மைக் பக்கம் போங்கள். தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னுரை திரையில் பார்த்து வாசிக்க வசதியானது. அது எந்தப் பதிப்பிலிருந்து தட்டச்சு செய்யப்பட்டது என்று மட்டும் கவனியுங்கள்.

"பார்வையற்றவர்களுக்காகத்தானே வாசிக்கிறேன், உரிமை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவத்தில் நூல்களை ஆக்கித் தர அனுமதிக்கிறது. ஆனால் அது அவர்களுடைய பயன்பாட்டுக்கு மட்டும். ஒரு கல்லூரி மாணவருக்காக நீங்கள் வாசித்த பாடநூலைத் தூக்கி யூடியூபில் போட அந்தச் சட்டம் துணைக்கு வராது. பாடநூல் வாசிப்பே வேறு மாதிரியான வேலையும்கூட. பக்க எண் சொல்ல வேண்டும், அட்டவணையை வரிசை வரிசையாகச் சொல்ல வேண்டும், படத்தை விவரிக்க வேண்டும். கதை வாசிப்பவர் அதே பழக்கத்தோடு அங்கே போனால் மாணவருக்குப் பயன்படாது.

அடுத்தது, எடுத்த எடுப்பிலேயே ஒரு முழு நாவலைத் தனியாக வாசிக்க ஒப்புக்கொள்வது. இதை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். ஒரு மணி நேரப் பதிவு ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. வாசித்து, தடுமாறிய இடத்தைத் திரும்ப வாசித்து, வெட்டி ஒட்டி, கேட்டுப் பார்த்து முடிப்பதற்குள் தொடக்கத்தில் மூன்று நான்கு மடங்கு நேரம் போய்விடும். பலர் சேர்ந்து ஆளுக்கொரு அத்தியாயம் வாசிக்கும் கூட்டு நூலில் ஒரு பகுதி, அல்லது ஒரு சிறுகதை, அல்லது சில பாடல்கள் என்று ஆரம்பியுங்கள். முதல் பதிவு பட்டியலில் ஏறுவதைப் பார்த்துவிட்டால் அப்புறம் நாவலுக்குப் போகலாம்.

சத்தத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நம் ஊர் வீடு அமைதியாக இருப்பதாக நமக்குத் தோன்றும். மைக்குக்கு அப்படித் தோன்றாது. மின்விசிறி, பிரிட்ஜ், பக்கத்து வீட்டு குக்கர் விசில், காக்கை, தண்ணீர் மோட்டார், ஆடி மாதமானால் தெருமுனை ஒலிபெருக்கி எல்லாம் உள்ளே வந்து உட்காரும். விசிறியை நிறுத்தத் தயங்கி, "மெதுவாகத்தானே ஓடுகிறது" என்று பதிவு செய்வதுதான் நான் பார்த்தவரை மிகப் பரவலான தவறு. விசிறியை நிறுத்திவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் வாசியுங்கள், நிறுத்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள். விடியற்காலை நல்ல நேரம். காலியான அறை எதிரொலிக்கும். துணிகள் தொங்கும் அலமாரிக்கு எதிரில் உட்கார்ந்தாலோ, சுவரில் கனத்த போர்வையை மாட்டினாலோ அந்த எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடும். விலையுயர்ந்த மைக் வாங்குவது இதற்கெல்லாம் பிறகுதான். எதிரொலிக்கும் அறையில் நல்ல மைக் எதிரொலியைத்தான் இன்னும் துல்லியமாகப் பிடித்துத் தரும்.

சத்தத்தோடு பதிவு செய்துவிட்டு மென்பொருளால் அழித்துக்கொள்ளலாம் என்பது இதன் மறுபக்கம். இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறது, நல்ல வசதிதான். ஆனால் அதை முடுக்க முடுக்கக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். வாசிக்கத் தொடங்குமுன் ஐந்து நொடி பேசாமல் இருந்து, அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மென்பொருளுக்கு மாதிரியாகக் காட்ட அது வேண்டும். குறைக்கும் அளவு அதில் தானாகவே ஓர் எண்ணில் வந்து நிற்கும். அதைத் தாண்ட வேண்டியிருந்தால் அறையைச் சரிசெய்து மறுபடி வாசிப்பதே மேல். கோப்பு எம்பி3 வடிவில் 128 கேபிபிஎஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோவாக இருக்க வேண்டும், ஒலியளவு 89 டெசிபல் வாக்கில் இருக்க வேண்டும் என்பது லிப்ரிவாக்ஸ் விதி. முதல் நாளே இப்படி அமைத்துவிட்டால் பிறகு இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை.

இனி வாசிப்பு. ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் நேரே மைக் முன் உட்காருவது பழந்தமிழ் உரைநடையில் ஆளைக் கவிழ்த்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சில் "அவர்களெல்லாரும்போயிருக்கவேண்டுமென்றெண்ணி" என்று ஒரே மூச்சில் சொற்கள் சேர்ந்து வரும், நிறுத்தக்குறி அரை பக்கத்துக்கு ஒன்றுதான் இருக்கும். பென்சிலை எடுத்து "அவர்களெல்லாரும் / போயிருக்கவேண்டும் / என்றெண்ணி" என்று கோடு போட்டுக்கொண்டால்தான் மூச்சு எங்கே விடுவது என்று தெரியும். எண்களும் அப்படித்தான். ௧௮௭௯ ௵ என்று இருக்கும். அது 1879ஆம் வருஷம். ௴ மாதம், ௳ தேதி. ரூபாய்க் கணக்கில் 25-8-0 என்று வந்தால் இருபத்தைந்து ரூபாய் எட்டணா. வாசித்துக்கொண்டே போகும்போது இதெல்லாம் சட்டென்று பிடிபடாது.

உச்சரிப்பில் ழகரத்துக்கு மட்டும் அத்தனை அக்கறை காட்டிவிட்டு, "பள்ளி"யையும் "பல்லி"யையும் ஒன்றாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒலியை மட்டும் நம்பியிருக்கும் ஒருவருக்கு அங்கே பொருளே மாறிப்போகிறது. வானொலிச் செய்தி வாசிப்பாளர்போல் குரலை மாற்றிக்கொள்வதும் வேண்டாம். பத்து நிமிடத்தில் அது களைத்துவிடும், இருபதாவது நிமிடத்தில் வேறு ஆள் வாசிப்பதுபோல் கேட்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குச் சொல்லும் குரல் போதும். வேகம் மட்டும் கொஞ்சம் குறையட்டும்.

மூலத்தைத் திருத்துவது பெரிய தவறு, நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. பழைய நூல்களில் சாதியைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் இன்று வாயில் வராத வரிகள் வரும். அந்த வரியை விழுங்கிவிட்டு வாசித்தால் கேட்பவருக்கு அந்தக் காலத்தை மறைத்தவர்களாவோம். லிப்ரிவாக்ஸும் உள்ளது உள்ளபடி வாசிக்கவே சொல்கிறது. ஒரு நூலின் சொற்களை உங்களால் சொல்ல முடியாது என்றால் அந்த நூலை எடுக்காதீர்கள், அது முழு நியாயம். எடுத்துவிட்டு வெட்டாதீர்கள்.

வாசிக்கையில் தடுமாறினால் பதிவை நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். திரையில் கைதட்டல் கூரான கோடாகத் தெரியும். வெட்ட வேண்டிய இடம் தானாகவே கண்ணில் படும். அதை வெட்ட மறந்து, ஒரே வாக்கியம் இரண்டு முறை வரும்படி அனுப்பிவிடுவது சகஜம். அனுப்புமுன் ஹெட்போனில் முழுதாக ஒருமுறை கேளுங்கள்.

அதன்பிறகு வேறொரு தன்னார்வலர் கேட்டு, "4:12-இல் வரி திரும்ப வருகிறது" என்கிற மாதிரிக் குறிப்பு அனுப்புவார். இதைக் கண்டு மனம் உடைந்து விலகியவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது மிகவும் வருத்தம். அவர் உங்கள் சாயலையோ வாசிப்பு நயத்தையோ குறை சொல்வதில்லை. விடுபட்ட சொல், நீண்ட மௌனம், இரைச்சல், இவைதான் அவர் கணக்கு. அத்தியாயம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. அந்த வரியை மட்டும் அதே அறையில், மைக்கிலிருந்து அதே தூரத்தில் வாசித்து ஒட்டினால் போதும்.

வெளியிடுமுன் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. லிப்ரிவாக்ஸில் உங்கள் பதிவையும் நீங்கள் பொதுவுடைமையாகவே தருகிறீர்கள். யாரும் அதை விற்கலாம், விளம்பரத்தோடு வெளியிடலாம், வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கணினிக்குப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்க 2015-இல் வந்த லிப்ரிஸ்பீச் என்ற தொகுப்பில் ஏறத்தாழ 1000 மணி நேர ஆங்கிலக் குரல் இருக்கிறது. அது லிப்ரிவாக்ஸ் பதிவுகளிலிருந்து எடுத்ததுதான். இதில் சம்மதம் இல்லையென்றால் முன்பே விலகிக்கொள்ளலாம். தந்தபிறகு திரும்பப் பெற முடியாது. பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எடுத்த பகுதியை முடிக்க முடியவில்லை என்றால் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். கூட்டு நூலில் எல்லாப் பகுதியும் வந்தால்தான் நூல் வெளியாகும், மற்றவர்களின் உழைப்பும் உங்களுக்காகக் காத்திருக்கும். "வேலை கூடிவிட்டது, இந்த அத்தியாயத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்று ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வரி எழுதினால் போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நேரம் கிடைக்கும்போது இன்னொரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.